கூண்டில் ஒரு சாட்சி, மரப்பட்டையில் ஒரு சாட்சி

பரீட்சை வினாத்தாளில் ஒப்பிடச் சொல்லும்போது ஒன்றுக்கொன்று உறவான இரண்டைத்தான் தருவார்கள். நாடியையும் நாளத்தையும் ஒப்பிடுக என்பார்கள். ஒருவித்திலைத் தாவரத்தையும் இருவித்திலைத் தாவரத்தையும் ஒப்பிடுக என்பார்கள். பாடும் பறவை ஒன்றையும் மரப்பட்டையில் ஒட்டிக் கிடக்கும் இலைக்கன் ஒன்றையும் ஒப்பிடுக என்று எந்த வினாத்தாளும் கேட்டதில்லை. பறவை பறக்கும், பாடும், குஞ்சுக்கு இரையூட்டும். இலைக்கனோ நம்மில் பலர் "பாசி" என்று சொல்லிக் கடந்துபோகும் ஒரு படை. உயிருள்ளவை என்பதைத் தவிர இரண்டுக்கும் என்ன பொருத்தம்?

உயர்தரத்தில் உயிரியல் கற்கும் எனக்கு ஒரு பொருத்தம் தெரிகிறது. இரண்டுமே நாம் சுவாசிக்கும் காற்றைப் பற்றி மனிதனிடம் சாட்சி சொன்னவை. ஆனால் ஒன்றின் சாட்சியை மனிதன் விரைவில் ஏற்றுக்கொண்டான். மற்றதன் சாட்சியை நெடுங்காலம் கேளாமலே இருந்தான். அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதற்காகவே இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட பறவை கனேரி. அதன் விஞ்ஞானப் பெயர் செரினஸ் கனேரியா. எடுத்துக்கொண்ட இலைக்கன் லோபேரியா புல்மொனேரியா. "புல்மொனேரியா" என்பது நுரையீரலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லில் இருந்து வந்தது. ஆகவே இக்கட்டுரையில் அதனை நுரையீரல் இலைக்கன் என்றே அழைக்கிறேன்.

பெயர் வைத்தவர் ஒருவரே

இரண்டுக்கும் முதலில் விஞ்ஞானப் பெயர் சூட்டியவர் சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ். இலைக்கனுக்கு 1753இலும் கனேரிக்கு 1758இலும் அவர் பெயரிட்டார். பின்னர் வந்தவர்கள் சாதிப் பெயர்களை மாற்றினாலும் இனப் பெயர்களின் வேர் அவர் வைத்ததுதான். பறவையை விலங்குகளோடும் இலைக்கனைத் தாவரங்களோடும் அவர் சேர்த்தார். பறவையின் விடயத்தில் அவர் கணக்குச் சரி. இலைக்கன் தாவரமல்ல என்பது தெரியவர மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

கனேரி என்பது ஓர் உயிர். அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள கனேரித் தீவுகள், மடெய்ரா, அசோர்ஸ் ஆகியவை அதன் தாயகம். தீவின் பெயரே பறவைக்கு வந்தது. காட்டுக் கனேரி நாம் கூண்டுகளில் காண்பதுபோல் முழு மஞ்சள் அல்ல. பசுமை கலந்த மஞ்சளும் கபிலநிறக் கோடுகளும் கொண்டது. பளிச்சென்ற மஞ்சள் நிறம் மனிதர் பல தலைமுறைகளாகத் தெரிந்தெடுத்து வளர்த்ததால் வந்தது.

நுரையீரல் இலைக்கன் ஓர் உயிரல்ல, ஒரு கூட்டுக் குடித்தனம். ஒரு பங்கசு வீட்டைக் கட்டுகிறது. அதனுள் ஒரு பச்சை அல்கா குடியிருந்து ஒளித்தொகுப்பு மூலம் உணவு ஆக்குகிறது. மூன்றாவதாக நொஸ்டொக் என்னும் சயனோபற்றீரியா வளியிலுள்ள நைதரசனைப் பதித்துக் கொடுக்கிறது. பங்கசு மற்ற இரண்டுக்கும் இடமும் ஈரலிப்பும் பாதுகாப்பும் தருகிறது. இதனையே நாம் பாடத்தில் ஒன்றியவாழ்வு என்று கற்கிறோம்.

இலைக்கன்கள் இவ்வாறு கூட்டாக வாழ்பவை என்ற கருத்தை 1860களின் பிற்பகுதியில் வெளியிட்டவர் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த சைமன் சுவெண்டனர். அக்காலத்து இலைக்கன் அறிஞர்கள் பலர் அதனை ஏற்க மறுத்தார்கள். இன்று அது ஐயத்துக்கு இடமில்லாத உண்மை. அப்படியானால் லோபேரியா புல்மொனேரியா என்ற பெயர் இந்தக் குடித்தனத்தில் யாருக்கு உரியது? இன்றைய விதிப்படி அப்பெயர் பங்கசுக்கு உரியது. உள்ளே வாழும் அல்காவுக்கும் சயனோபற்றீரியாவுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. கனேரி என்று சொன்னால் ஒருவரைச் சொல்கிறோம். இலைக்கன் என்று சொன்னால் வீட்டுத் தலைவரின் பெயரால் ஒரு குடும்பத்தையே சொல்கிறோம்.

கூண்டுக்குள் இருந்த சாட்சி

1896 ஜனவரியில் தென் வேல்சிலுள்ள டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிப்பொன்று நிகழ்ந்து 57 பேர் இறந்தார்கள். அங்கு சென்று ஆராய்ந்தவர் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் என்னும் ஸ்கொட்லாந்து உடற்றொழிலியலாளர். இறந்தவர்களிற் பெரும்பாலானோரைக் கொன்றது வெடிப்பின் அதிர்ச்சியல்ல, அதன் பின் சுரங்கத்தில் பரவிய காபனோரொட்சைட்டு வாயு என்று அவர் கண்டறிந்தார்.

காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட நாட்டத்துடன் அது இணைகிறது. ஒட்சிசன் அமர வேண்டிய இருக்கையில் அது அமர்ந்துவிட்டு எழும்ப மறுக்கிறது. மூச்சு நடந்துகொண்டே இருக்கும். ஆனால் உடலுக்கு ஒட்சிசன் போய்ச் சேராது. மனிதன் தனக்கு நேர்வதை உணருமுன் மயங்கிவிடுவான்.

மனிதனுக்கு முன்பாக மயங்கும் ஒரு சிறு பிராணியைச் சுரங்கத்துக்குள் கொண்டுசென்றால் தப்பிக்க நேரம் கிடைக்கும் என்பது ஹோல்டேனின் யோசனை. அதற்குக் கனேரி மிகப் பொருத்தமாக அமைந்தது. காரணம் அதன் உடலமைப்பு. பறவையின் நுரையீரலில் காற்று நம்முடையதுபோல் உள்ளே போய் அதே வழியில் திரும்புவதில்லை. காற்றுப்பைகளின் உதவியால் ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கும். உட்சுவாசத்தின்போதும் வெளிச்சுவாசத்தின்போதும் நுரையீரலுக்குப் புதுக் காற்றுக் கிடைக்கும். பறப்பதற்குத் தேவையான பெருமளவு ஒட்சிசனைப் பெற அல்லாஹ் அதற்குக் கொடுத்த அமைப்பு இது. அதே அமைப்பு நஞ்சையும் விரைவாக உள்ளே இழுக்கிறது. உடல் சிறிது, அனுசேபம் வேகம். ஆகவே காற்றில் காபனோரொட்சைட்டு இருந்தால் கனேரி தள்ளாடும், பின் கம்பிலிருந்து கீழே விழும். அதைக் கண்டதும் சுரங்கத் தொழிலாளர்கள் வெளியேறுவார்கள்.

1911 முதல் பிரித்தானியச் சுரங்கம் ஒவ்வொன்றிலும் இரண்டு கனேரிகள் வைக்கப்பட்டன. மயங்கிய பறவையை மீட்பதற்காகச் சிறிய ஒட்சிசன் உருளை பொருத்திய கூண்டும் இருந்தது. பறவை விழுந்தவுடன் கதவை மூடி ஒட்சிசனைத் திறந்துவிடுவார்கள். 1986 இறுதியில், அப்போது பணியிலிருந்த 200க்கு மேற்பட்ட கனேரிகளுக்குப் பதிலாக மின்னணு உணரிகளைக் கொண்டுவருவதாக அறிவிக்கப்பட்டது.

மரப்பட்டையில் இருந்த சாட்சி

நுரையீரல் இலைக்கன் ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆசியா ஆகிய கண்டங்களின் குளிர்ந்த, ஈரலிப்பான பழைய காடுகளில் மரங்களின் மேல் வளர்வது. நான் அதைப் படங்களில் மட்டுமே பார்த்திருக்கிறேன். மழையில் நனைந்தால் கீரைபோல் பளிச்சென்ற பச்சை. உலர்ந்தால் மங்கிய கபிலம். மேற்பரப்பில் மேடுகளும் குழிகளும் வலைபோல் பின்னியிருக்கும். அது நுரையீரலின் தோற்றத்தை நினைவூட்டியதால் முற்கால ஐரோப்பிய வைத்தியர்கள் அதை நெஞ்சு நோய்க்கு மருந்தாகக் கொடுத்தார்கள்.

பெயரில் நுரையீரல் இருந்தாலும் அதற்கு நுரையீரலும் இல்லை, வேரும் இல்லை. இலைகளின் மேலுள்ளதுபோன்ற மெழுகுப் புறத்தோலும் இல்லை. தண்ணீரையும் கனியுப்புகளையும் மழையிலிருந்தும் பனிமூட்டத்திலிருந்தும் தன் முழு உடம்பாலும் உறிஞ்சிக்கொள்கிறது. வருவதில் நல்லதை எடுத்துக் கெட்டதைத் தடுக்க அதனிடம் கதவு கிடையாது. மரமாவது இலையை உதிர்த்து நஞ்சில் ஒரு பகுதியைக் கழித்துவிடும். இலைக்கனுக்கு அதுவும் இயலாது. ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர் மாத்திரமே வளரும் அந்த உடம்பில் காற்றின் அழுக்குச் சேர்ந்துகொண்டே போகும்.

நிலக்கரியை எரிக்கும்போது வெளிவரும் கந்தகவீரொட்சைட்டு ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது. அது உள்ளே வாழும் அல்காவையும் சயனோபற்றீரியாவையும் தாக்கிப் பச்சையத்தைச் சிதைக்கிறது. சமைப்பவர் நோயாளியானால் வீடே பட்டினி. பங்குதாரர் ஒருவர் வீழ்ந்ததும் குடித்தனம் முழுவதும் சிதைந்து இலைக்கன் மடிகிறது. இதனால் ஐரோப்பாவின் கைத்தொழில் பிரதேசங்களில் நுரையீரல் இலைக்கன் மிகவும் அருகிவிட்டது. மேற்கு ஸ்கொட்லாந்து போன்ற தூய காற்றுள்ள இடங்களில் இன்றும் செழித்திருக்கிறது.

இந்தச் சாட்சியை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் பின்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நைலாண்டர். பாரிஸ் நகரின் லக்சம்பேர்க் பூங்காவில் இலைக்கன்கள் பல வளர்வதையும் நகரின் ஏனைய பகுதிகளில் அவை இல்லாதிருப்பதையும் அவர் 1866இல் எழுதினார். காற்றின் தூய்மையை இலைக்கன்களைக் கொண்டு அறியலாம் என்பது அவர் முடிவு. இதில் ஒரு வியப்பு உண்டு. இலைக்கன் இரண்டு உயிர்களின் கூட்டு என்ற சுவெண்டனரின் கருத்தை நைலாண்டர் கடைசிவரை எதிர்த்தார். இலைக்கன் என்னவென்பதில் அவர் தவறினார். அது என்ன சொல்கிறது என்பதைச் சரியாகக் கேட்டார்.

15 ஆண்டுகளும் 90 ஆண்டுகளும்

டைலர்ஸ்டவுன் விபத்து 1896இல். கனேரி சுரங்கப் பணிக்கு முறைப்படி வந்தது 1911இல். இடைவெளி 15 ஆண்டுகள். நைலாண்டர் எழுதியது 1866இல். பிரித்தானியா தூய காற்றுச் சட்டத்தை இயற்றியது 1956இல். இடைவெளி 90 ஆண்டுகள்.

அந்தச் சட்டத்தையும் இலைக்கன் கொண்டுவரவில்லை. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நச்சுப் புகைமூட்டம் இலண்டனை மூடியது. அதனால் ஏறத்தாழ 4000 பேர் இறந்ததாக அன்று மதிப்பிட்டார்கள்; அந்த எண்ணிக்கை 12,000 வரை இருக்கலாம் என்று பிந்திய ஆய்வு கூறியது. மனிதர்கள் இறந்த பிறகுதான் சட்டம் வந்தது. இலண்டனின் நடுப்பகுதி மரங்களில் இருந்து இலைக்கன்கள் அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டிருந்தன.

கனேரியின் பேச்சைக் கேட்டவர்கள் இலைக்கனின் பேச்சை ஏன் கேட்கவில்லை? எனக்கு மூன்று காரணங்கள் தோன்றுகின்றன.

முதலாவது வேகம். கனேரி சொல்வது இந்த நிமிடத்தின் செய்தி. இலைக்கன் சொல்வது பல ஆண்டுகளின் செய்தி. உடனடியாகக் கொல்வதற்கு நாம் அஞ்சுகிறோம். மெல்லக் கொல்வதோடு பழகிவிடுகிறோம்.

இரண்டாவது, சாட்சி சொல்லும் முறை. பாடிக்கொண்டிருந்த பறவை விழுந்தால் அது ஒரு நிகழ்ச்சி. எல்லாருடைய கண்ணும் திரும்பும். இலைக்கன் தன் இல்லாமையால் பேசுகிறது. இல்லாத ஒன்றைக் காண்பதற்கு அது முன்பு இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். பெயரே தெரியாத ஒன்று காணாமற் போனால் யார் தேடுவார்கள்?

மூன்றாவது, பொறுப்பு. கனேரியின் கூண்டு ஒருவர் கையில் இருந்தது. பார்த்துக்கொண்டிருப்பது அவர் கடமை. மரத்திலுள்ள இலைக்கனைப் பார்க்கும் கடமை யாருக்கும் கொடுக்கப்படவில்லை. சாட்சி உண்மை பேசினால் மட்டும் போதாது; கேட்க ஒருவர் நியமிக்கப்பட்டிருக்கவும் வேண்டும்.

பின்னர் கேட்கத் தொடங்கினார்கள். 1970இல் ஹோக்ஸ்வர்த், ரோஸ் என்னும் இரு பிரித்தானிய அறிஞர்கள் மரங்களில் வளரும் இலைக்கன்களைக் கொண்டு காற்றிலுள்ள கந்தகவீரொட்சைட்டின் அளவை மதிப்பிட 0 முதல் 10 வரையான அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். நுரையீரல் இலைக்கன் அதில் தூய காற்றுக்குரிய மேற்படிகளில் இடம்பெறுகிறது. அதன் பின் அங்குள்ள பாடசாலைப் பிள்ளைகளும் தத்தம் ஊர் மரங்களைப் பார்த்து இலைக்கன் பதிவுகளைச் சேகரித்தார்கள். 1997இல் இத்தாலியின் வெனெட்டோ பிரதேசத்தில் நூற்றுக்கணக்கான இடங்களின் இலைக்கன் பல்வகைமையை ஆராய்ந்தவர்கள், அது குறைந்த இடங்களில் 55 வயதுக்குட்பட்ட ஆண்களிடையே நுரையீரற் புற்றுநோய் மரணங்கள் கூடியிருப்பதைக் காட்டினார்கள். இலைக்கன் குறைந்ததால் புற்றுநோய் வந்தது என்று இதற்குப் பொருளல்ல. இரண்டுக்கும் பின்னால் ஒரே காற்று இருந்திருக்கலாம் என்பதே பொருள்.

இலண்டனில் கந்தகவீரொட்சைட்டுக் குறைந்ததும் இலைக்கன்கள் திரும்பி வந்தன. ஆனால் எது திரும்பி வந்தது என்றும் பார்க்க வேண்டும். சான்தோரியா என்னும் மஞ்சள் இலைக்கன் நைதரசன் மாசு மிகுந்த இடங்களில் செழிப்பது. ஆகவே "இலைக்கன் உண்டா?" என்று கேட்டால் மட்டும் போதாது, "எந்த இலைக்கன்?" என்றும் கேட்க வேண்டும்.

நம் வீட்டுக்கும் பாதைக்கும்

இது வெளிநாட்டுக் கதை என்று நாம் விட்டுவிட முடியாது. இரண்டு சாட்சிகளும் சொல்லும் இரண்டு ஆபத்துகளும் நம்மிடம் உண்டு.

கனேரி சொன்ன காபனோரொட்சைட்டுக்கு நிலக்கரிச் சுரங்கம் தேவையில்லை. எரிபொருள் முழுமையாக எரியாத எந்த இடத்திலும் அது உண்டாகும். மின்வெட்டின்போது வீட்டுக்குள்ளோ மூடிய கராஜிலோ ஜெனரேட்டரை இயக்குவது, மழைக் குளிருக்கு அறைக்குள் கரியடுப்பு வைப்பது, மூடிய வாகனத்தில் இயந்திரத்தை இயக்கியபடி உறங்குவது ஆகியவை உயிரைப் பறிக்கக்கூடியவை. பிள்ளை பெற்ற தாய்க்கும் குழந்தைக்கும் சாம்பிராணிப் புகை பிடிப்பது நம் வீடுகளில் வழக்கம். கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு தணற்சட்டியை அறையிலேயே விட்டுவிட வேண்டாம் என்று தாய்மாரை அன்போடு கேட்டுக்கொள்கிறேன். மணப்பது சாம்பிராணி, தணலிலிருந்து வரும் வாயுவுக்கு மணமே இல்லை. தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், காரணமற்ற தூக்கக் கலக்கம் ஆகியவை ஒரே அறையிலுள்ள பலருக்கும் ஒன்றாக வந்தால், உடனே எல்லாரும் திறந்த வெளிக்கு வந்து வைத்திய உதவியை நாட வேண்டும்.

இலைக்கன் சொல்லும் மெதுவான ஆபத்து வாகனப் புகையிலும், அந்தி நேரத்தில் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தும் பொலித்தீன் பைகளிலும் இருக்கிறது. நமது தென்னையிலும் மாவிலும் சாம்பல் நிறத்திலும் வெளிர்பச்சையிலும் வட்டம் வட்டமாகத் தெரிபவற்றுள் பல இலைக்கன்களே. எங்கள் உம்மும்மா அதனை மரத்துக்கு வந்த தேமல் என்பார். வாப்பா சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு பூசுவார். இலைக்கன் மரத்தின் உணவைத் திருடுவதில்லை. மரப்பட்டை அதற்கு இருப்பிடம் மட்டுமே என்று நான் சொன்ன பிறகு வீட்டில் சுரண்டுவது நின்றிருக்கிறது.

கடந்த விடுமுறையில் பெரிய பாதையோரத்துத் தென்னைகள் ஐந்தையும் எங்கள் ஒழுங்கையின் உட்புறத்துத் தென்னைகள் ஐந்தையும் தரையிலிருந்து என் நெஞ்சுயரம் வரை பார்த்து எழுதினேன். எனக்கு இனப் பெயர்கள் தெரியாது. நிறத்தையும் வடிவத்தையும் கொண்டு வேறுபடுத்தினேன். பாதையோரத்தில் 2 வகை, உட்புறத்தில் 6 வகை. இதைக் கொண்டு காற்றின் மீது தீர்ப்புச் சொல்ல மாட்டேன். வெயில், ஈரலிப்பு, மரத்தின் வயது, புழுதி எல்லாமே இதில் பங்கு கொள்ளும். இங்கிலாந்தின் அளவுகோலும் வெப்பவலய நாடான நமக்குப் பொருந்தாது, ஏனெனில் இங்குள்ள இனங்கள் வேறு. நமது மரங்களை நாமே ஆண்டுக்காண்டு பார்த்துப் பதிந்தால்தான் நமக்கென்று ஓர் அளவு கிடைக்கும்.

அதற்குப் பெரிய உபகரணம் எதுவும் வேண்டாம். ஒரே வகை மரங்களைத் தெரிந்தெடுங்கள். ஒரே உயரத்தில் பாருங்கள். எத்தனை வகை என்று எண்ணித் திகதியோடு எழுதுங்கள். முடிந்தால் அருகில் ஓர் அடிமட்டத்தை வைத்துப் படமெடுங்கள். சுரண்ட வேண்டாம். உங்கள் கையளவுள்ள ஒரு வட்டம் உங்கள் வயதை விடப் பழையதாக இருக்கலாம். இவ்வாண்டு ஆறாம் தரத்தில் இருக்கும் தங்கை ஒருவர் ஒரு கொப்பியில் இதைத் தொடங்கி உயர்தரம் முடிக்கும்வரை எழுதினால், நமது ஊர்க் காற்றைப் பற்றிய எட்டு ஆண்டுப் பதிவொன்று நமது கல்லூரியில் இருக்கும்.

சுரங்கத்தில் கனேரியைப் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆளை நியமித்தார்கள். நம் மரங்களிலுள்ள சாட்சியைப் பார்க்க இதுவரை எவரும் நியமிக்கப்படவில்லை. நாம் சுவாசிக்கும் காற்று நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று நம்புகிற நாம், அந்தப் பணியை யாராவது தரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.